கோடையின் கடைசியில் வீட்டுத் தோட்டம்: கொங்குப் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வைகாசி பிறந்ததும் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். செடி காய்கிறது, பூ உதிர்கிறது, புழு ஏறிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் புதிதாகத் தொடங்கலாமா என்பார்கள். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம் என்பதுதான் பெரும்பாலானவற்றுக்கு என் பதில். இந்த ஏழெட்டு வாரங்களில் அழிவாகத் தெரிபவற்றில் பாதி, அடுத்த பட்டத்துக்குத் தோட்டம் தன்னைத் தயார்செய்துகொள்ளும் வேலை. காய்கறிப் பாத்தியையும் வேலியோர நாட்டுச் செடிகளையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதியிருக்கிறேன். ஒன்றின் பூச்சிக்கு மருந்து மற்றொன்றின் பூவில் இருக்கிறது.

கோடையின் கடைசி என்று எந்த நாட்களைச் சொல்கிறீர்கள்?

அக்னி நட்சத்திரம் சித்திரை 21 வாக்கில் தொடங்கி வைகாசி 14 வாக்கில் முடிகிறது. மே 4 முதல் 28 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கடைசி வாரத்திலிருந்து ஆடி பிறக்கும் வரையிலான காலத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஆனால் கொங்கு முழுவதற்கும் இது ஒரே காலம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழையும்போது ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் சாரல் தருகிறது. பல்லடம், காங்கேயம், தாராபுரம், கரூர் என்று கிழக்கே வரவர ஈரம் தீர்ந்து வேகம் மட்டும் மிஞ்சுகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும், தண்ணீர் விட்ட கீரைப்பாத்தி ஒரே மத்தியானத்தில் துவண்டு போவதற்கும் காரணம் அந்தக் காற்றுதான். மேற்கே இருப்பவர்கள் ஆனியில் மழைக்குத் தயாராக வேண்டும். கிழக்கே இருப்பவர்கள் காற்றுக்குத் தயாராக வேண்டும். பொதுவான தோட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லை. உரம் போதவில்லையா?

உரம் காரணம் இல்லை. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். இந்த நேரத்தில் உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். மேற்கு வெயில் படாமல் நிழல்வலை கட்டி, வேரடி ஈரத்தைக் காத்து வாருங்கள். ஒரு கோடை மழை பெய்து இரவுகள் குளிர்ந்ததும் அதே செடி காய் பிடிக்கும்.

காய் பிடித்த பிறகு அதன் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது நோய் அல்ல. ஒரு நாள் காய விட்டு மறுநாள் குளம் கட்டித் தண்ணீர் விடுவதால் செடியால் சுண்ணாம்புச் சத்தை ஒழுங்காகக் காய்க்குக் கொண்டு சேர்க்க முடிவதில்லை. அளவாக, தவறாமல் தண்ணீர் விட்டாலே அடுத்த காய்கள் சரியாக வரும்.

சுரையும் பீர்க்கும் பிஞ்சு விட்டு, விரல் நீளத்திலேயே வெம்பி விழுகின்றன. ஏன்?

மகரந்தம் சேரவில்லை. சுரைப்பூ பொழுது சாய்ந்த பிறகுதான் விரிகிறது, பீர்க்கும் அந்திப்பூதான். அவற்றைத் தேடி வருபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். வெயில் கொளுத்தும் நாட்களில் பூச்சி நடமாட்டம் குறைகிறது; கொடியிலும் ஆண்பூக்கள் மிகுந்து பெண்பூக்கள் அருகிப்போகின்றன. எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு பெண்பூக்களை வீணாக்கக் கூடாது.

சுரைக்கொடியில் பெண்பூவைக் கண்டுபிடிப்பது எளிது. பூவின் அடியில் மென்மயிர் போர்த்திய சின்னஞ்சிறு சுரைக்காய் ஒட்டியிருக்கும். ஆண்பூ நீண்ட காம்பில் தனியாக நிற்கும். இருட்டத் தொடங்கும் வேளையில் அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, வெள்ளை இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தலையைப் பெண்பூவின் நடுவே பிளவுபட்டு நிற்கும் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். மஞ்சள் பொடி ஒட்டுவது கண்ணுக்குத் தெரியும். சேர்க்கை நடந்த பிஞ்சு ஓரிரு நாளில் கழுத்தை வளைத்துக் கீழே தொங்கத் தொடங்கும். பூசணியும் பாகலும் விடியலில் விரிபவை என்பதால் அவற்றுக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும். கொடி பூத்திருக்கும் நாட்களில் மாலையில் எந்தப் பூச்சிமருந்தையும் அதன்மேல் அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய்க் கரைசல் உட்பட.

தை மாதம் நட்ட கத்தரிச் செடி முற்றிவிட்டது. பிடுங்கலாமா?

தண்டு நலமாக இருந்தால் வேண்டாம். தரையிலிருந்து ஓர் அடி உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். துளை விழுந்த குருத்து, வாடித் தொங்கும் நுனி எதுவும் பாத்தியில் கிடக்கக் கூடாது. தண்டுத்துளைப்பான் புழு அதற்குள்ளேதான் இருக்கிறது. அடியில் மக்கிய சாண எரு வைத்து மூடாக்குப் போடுங்கள். ஆனிக்குள் புதுத்துளிர் விட்டு, புது நாற்று காய்ப்பதற்கு முன்பே மறுதாம்புச் செடி காய்த்துவிடும். இலைகள் மிகச் சிறுத்து, கொத்தாகக் குவிந்து, பூவே வராமல் நிற்கும் செடியை மட்டும் வேரோடு எடுத்துவிட வேண்டும். அது சிற்றிலை நோய், வெட்டினாலும் போகாது.

வெண்டை இலை முழுவதும் மஞ்சள் வலை பின்னியிருக்கிறது.

மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், கோடையில்தான் கடுமை. பிடித்த செடிக்கு மருந்து இல்லை. அடுத்த செடிக்குப் போகும் முன் பிடுங்கிவிடுங்கள்.

மிளகாய் இலை சுருண்டுவிட்டது. மோர் தெளித்தேன், பஞ்சகவ்யா தெளித்தேன், மாறவில்லை.

தெளிப்பதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகாக மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்திருந்தால் அசுவினியைவிடச் சிறிய சிலந்திப்பேன். வறண்ட காற்று இலைப்பேனுக்குப் பிடிக்கும். காலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவதை ஒரு வாரம் விடாமல் செய்தாலே பாதி குறையும். அதற்குப் பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல். செய்யும் விதம் கீழே இருக்கிறது.

பஞ்சகவ்யாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை விவசாயத்துக்கு ஏற்ற வடிவில் உருவாக்கிப் பரப்பியவர் நம் கொடுமுடி மருத்துவர் நடராஜன். அது செடிக்கு ஊக்கம் தருவது. பூச்சியைக் கொல்வதற்கு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். லிட்டருக்கு 30 மில்லி போதும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் விட வேண்டும்?

எண்ணிக்கையில் விடை இல்லை. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே குளிர்ச்சி இருந்தால் இன்று விட வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பூசணி இலை துவண்டு நிற்பதைப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மாலையில் அது தானாக நிமிர்ந்தால் தாகம் இல்லை, வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறது. விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் வேர் வறண்டிருக்கிறது.

அவிநாசி, பல்லடம் பக்கத்துச் செம்மண் தண்ணீரை வேகமாகக் கீழே இறக்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட வேண்டும். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். வெடிப்பு விழும் அளவுக்குக் காயவிடக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான மருந்து மூடாக்கு. நான்கு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த இலை, சோளத்தட்டு, தென்னை ஓலைத் துண்டு என்று எது கிடைத்தாலும் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சையாகவே கொண்டுவந்து மண்ணில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். மக்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தான் மக்குவதற்கு இழுத்துக்கொள்ளும். மக்க வைத்து, கழுவி உப்பு நீக்கியதையே வாங்குங்கள்.

இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. இதுவும் வைரஸா?

இல்லை, இரும்புச்சத்துக் குறை. கடப்பாரையால் ஓர் அடி தோண்டினால் வெள்ளைச் சுக்கான் தட்டுப்படும் நிலம் நம்மிடம் நிறைய. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கோடையில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை மட்டுமே விட்டுவந்தால் இது இன்னும் தீவிரமாகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும். நிரந்தரத் தீர்வு, ஆண்டுதோறும் மண்ணில் சேரும் எருவும் தழையும்தான்.

கொய்யா, தென்னை, வாழை இலைகளின் அடியில் வெள்ளைச் சுருள். கீழே உள்ள செடிகளில் கறுப்புப் புகை படிந்திருக்கிறது. என்ன தெளிப்பது?

பலமான மருந்து எதையும் தெளிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அது சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016இல் நம் பொள்ளாச்சியில்தான் முதலில் கண்டறியப்பட்டது. இலையைத் திருப்பிப் பார்த்தால் மெழுகுத்தூளில் வட்டம் வட்டமாக முட்டையிட்டிருப்பது தெரியும். அது கழிக்கும் இனிப்புத் திரவம் கீழே சொட்டி, அதன்மேல் கரும்பூஞ்சை வளர்கிறது. வறண்ட வெயிலில் பெருகும், நல்ல மழைக்குப் பிறகு வடியும். என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி இதன் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. வெள்ளை ஈயைக் கொல்ல நீங்கள் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது அந்தக் குளவியை. அதனால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மஞ்சள் தாளிலோ மஞ்சள் நிற டப்பாவிலோ விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுங்கள். கரும்பூஞ்சை படிந்த இலைகளில், லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் பூஞ்சையோடு சேர்ந்து செதிலாக உரிந்து விழும்.

குளவியை நம்பச் சொல்வதற்கு ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி கோவையில் முதன்முதலில் தென்பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பப்பாளியில் தொடங்கி மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டுச் செம்பருத்தி வரை வெள்ளைப் பஞ்சாகப் போர்த்திவிட்டது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருந்த பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டு, வேளாண் ஆய்வு நிலையங்களில் பெருக்கி விடப்பட்டன. அவற்றில் அசெரோஃபேகஸ் என்ற ஒன்று, எறும்பின் தலையளவுகூட இல்லாதது, ஓராண்டு போவதற்குள் மாவுப்பூச்சியை அடக்கிவிட்டது. இப்போதும் உங்கள் பப்பாளியில் கொஞ்சம் மாவுப்பூச்சி தெரிந்தால், அடுத்த வாரம் அதே இடத்தை மறுபடி பாருங்கள். உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்டத் துளையோடு கிடக்கும் ஓடுகள் கண்ணில் பட்டால் குளவி வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் குளவிகளை நம் தோட்டத்துக்கு வரவழைக்க முடியுமா?

முடியும். வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். அதன் வாய் சிறியது. செம்பருத்தி, காகிதப்பூ போன்ற பெரிய பூக்களால் அதற்குப் பயனில்லை. கொத்தமல்லியையும் சோம்பையும் கீரைக்குப் பறித்தது போகப் பூக்க விடுங்கள். வேலியோரத்தில் தும்பை, சிறுபூளை, துளசி ஆகியவற்றை வெட்டாமல் விட்டுவையுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் பூளைப்பூவைத் தேடி அலைகிறோம். கோடையில் அது தலைகாட்டும்போது களை என்று கொத்திப் போடுகிறோம். இதை நிறுத்தினாலே போதும்.

கறிவேப்பிலையில் பச்சைப் புழு. ஒரே நாளில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிட்டது. நசுக்கலாமா?

செடி இடுப்பளவு வளர்ந்திருந்தால் நசுக்காதீர்கள். எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு அது. முதல் சில நாட்கள் கறுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த பறவை எச்சம் என்றே நினைக்க வைக்கும். பறவையும் அப்படித்தான் நினைத்து விட்டுவிடுகிறது. பிறகு தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறும். தலைக்குப் பின்புறம் ஈர்க்கால் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: உடம்பைத் தூக்கி, கழுத்திலிருந்து செந்நிறத்தில் இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். அழுகிய எலுமிச்சை வாடை வரும். எறும்பும் குளவியும் அந்த வாடைக்குப் பின்வாங்கும். சில நொடிகளில் கொம்பு உள்ளே போய்விடும். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி.

இரண்டு மூன்று வாரத்தில் அது கூட்டுப்புழுவாகிவிடும். கறிவேப்பிலை மழை கண்டதும் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். கன்று மிகச் சிறியது, நான்கைந்து இலைக்கொத்துதான் என்றால், புழுவை எடுத்துப் பெரிய எலுமிச்சை மரத்திலோ நாரத்தையிலோ விடுங்கள். அதற்கு அந்தக் குடும்பத்து இலை எதுவானாலும் சம்மதம்.

நாட்டுச் செடிகள் வைக்க ஆசை. கோடையில் எவை தாங்கும்?

நம் மேட்டாங்காட்டில் யார் தண்ணீர் விட்டு எதை வளர்த்தார்கள்? அங்கே ஏற்கெனவே நிற்பவற்றைத்தான் நான் சொல்வேன்.

முதலில் கிளுவை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை, அதாவது மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடுகள் வளர்ந்தது இந்த மூன்றின் நடுவில்தான். கோடை முழுவதும் கிளுவை இலையே இல்லாமல் நிற்கும். பட்டுப்போனதா என்று சந்தேகமாக இருந்தால் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். காகிதமாக உரியும் மேல்தோலுக்கு அடியில் பளிச்சென்று பச்சை தெரியும். முதல் மழை விழுந்த சில நாட்களில் கணுக்கணுவாகத் துளிர்விடும். கோடைக் கடைசியில் கட்டைவிரல் கனத்துப் போத்துகளை வெட்டி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு ஓர் அடி ஆழத்தில் நெருக்கமாக ஊன்றினால், மழை வரும்போது வேர் பிடிக்கும். இரும்புக் கம்பி வேலிக்குச் செலவழிப்பதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். சிறு பறவைகளுக்கும் ஓணானுக்கும் கம்பிவேலி அடைக்கலம் தருவதில்லை.

அடுத்து ஆவாரை. வறண்ட நிலத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும், தேனீக்களுக்குக் கோடையில் பெரிய ஆதரவு. விதையின் தோல் கெட்டியானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும். நொச்சியும் ஆடாதோடையும் ஆடு கடிக்காத வேலிச் செடிகள், குச்சி ஊன்றினாலே வரும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிட எருக்கு ஒன்றாவது தோட்டத்து மூலையில் இருக்கட்டும். கரிசல் நிலத்து வரப்பில் ஆடுதின்னாப்பாளை தானாக முளைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். ரோஜா அழகியின் புழுவுக்கு அதுவும் அதன் இனச்செடிகளும்தான் உணவு. பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, கோவைக்கொடி ஆகியவை வேலியிலேயே ஏறிக்கொண்டு சமையலுக்கும் உதவும்.

உண்ணிச்செடியிலும் பட்டாம்பூச்சி வருகிறதே என்று கேட்பார்கள். வரும், தேன் குடித்துவிட்டுப் போகும். ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. பரவி நம் புதர்களை அமுக்குகிறது. புதிதாக நடவேண்டாம்.

முதல் மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து என்னென்னவோ வெளியே வருகின்றன. எதைக் கொல்ல வேண்டும்?

எதையும் கொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஈசல் கிளம்பும். ஓணானும் கரிச்சானும் கோழியும் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். அடுத்த நாள் காலை, சிவப்பு வெல்வெட்டுத் துணியில் வெட்டியெடுத்த பொட்டுகளாகப் பட்டுப்பூச்சிகள் மெதுவாக ஊர்ந்துபோகும். எட்டுக் கால் கொண்டவை, சிலந்தியின் உறவு, பிற பூச்சிகளின் முட்டைகளைத் தின்பவை. மரவட்டை மக்கிய இலையைத் தின்று உரமாக்குகிறது. அரிதாகத்தான் இளநாற்றைக் கடிக்கும்.

வேலியோரம் கூர்மையான முளை ஒன்று கிளம்பி, இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றிக்கொள்கிறது. என்ன கொடி இது?

அனேகமாகச் செங்காந்தள். நம்மிடம் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காக இதைப் பந்தலில் பயிராகவே வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். இதழ் பச்சையில் விரிந்து, மஞ்சளாகி, முழுச்சிவப்பில் முடியும். அழகுக்காக வைத்திருக்கலாம். ஆனால் கிழங்கு, விதை, இலை என எல்லாப் பகுதியும் கொல்லக்கூடிய நஞ்சு, கால்ச்சிசின் என்ற பொருளால். சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் நடமாடும் வீட்டில் வேண்டாம் என்பதே என் கருத்து. சர்க்கரைவள்ளி, மஞ்சள் போன்ற கிழங்குப் பாத்திக்குப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கூடாது.

மயில் எதையும் விட்டுவைப்பதில்லை. "அடித்துத் துரத்து" என்கிறார் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா).

அமுச்சியின் கோபம் நியாயமானது. பழுத்த தக்காளியைக் கொத்திவிட்டு, முளைத்த பாத்தியைக் காலால் சீய்த்துவிட்டுப் போகும்போது யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் அது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடிப்பதும் கண்ணி வைப்பதும் மருந்து கலப்பதும் குற்றம்.

மினுங்கும் நாடாவும் பொம்மையும் ஒரு வாரத்தில் மயிலுக்குப் பழகிவிடும். பலன் தருவது தடுப்புதான். நாற்றங்காலைத் தரையில் போடாமல் தட்டுகளில் விட்டு, கூண்டுக்குள் வளர்த்து, நன்கு வேர் பிடிக்கும் பருவத்தில் நடுங்கள். நட்ட பாத்தியின் மேல் இலந்தை முள்ளை நெருக்கமாகப் பரப்பிவையுங்கள். மயிலுக்குக் கால் வைக்கப் பிடிக்காது. வலை கட்டினால் இழுத்து விறைப்பாகக் கட்டி, தரையில் தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளர்ந்து கிடக்கும் நைலான் வலையில் சாரைப்பாம்பு சிக்கிச் சாகிறது, எலியைப் பிடிக்கும் துணையை இழந்துவிடுகிறோம். தக்காளியைச் செங்காயிலேயே பறித்து வீட்டுக்குள் பழுக்கவைப்பது இன்னும் எளிது.

ஆனிக்காற்றுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

முருங்கையைக் கவாத்துச் செய்யுங்கள். முருங்கைக் கட்டை வலுவில்லாதது. காற்று ஒடித்தால் பட்டை கிழிந்து அடிமரம் வரை போகும், நாம் வெட்டினால் காயம் சுத்தமாக ஆறும். அரவக்குறிச்சி, மூலனூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் காய்ப்பு முடிந்ததும் அரிவாளை எடுத்துவிடுவார்கள். வாழைக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கழி. பந்தல் கால்களை ஆட்டிப் பார்த்து, ஆடுவதை இப்போதே மாற்றுங்கள். காய் பிடித்த கொடியின் பாரம் ஏறிய பிறகு முடியாது. மாடித்தோட்டத்தில் நிழல்வலையை ஆனியில் கழற்றிவிடலாம். வெயில் குறைந்துவிடும், வலை காற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியோடு பெயர்த்துக்கொண்டு போகும்.

வேப்பம்பழம் கொட்டுகிறது. சேர்த்து வைக்கலாமா?

கட்டாயம். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் பூச்சிவிரட்டி. காக்கையும் குயிலும் தின்று போட்ட கொட்டையானாலும் சரி, பழமாக எடுத்துப் பிசைந்து கழுவினாலும் சரி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் காயவைத்தால் வீரியம் போகும். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். சாக்குப்பையிலோ கூடையிலோ காற்றாட வையுங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள்.

தேவைப்படும்போது ஓட்டை நீக்கி, 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பால் நிறமாகப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, அன்றே மாலையில் இலையின் இரண்டு பக்கமும் தெளியுங்கள். மறுநாளைக்கு வைத்தால் பலன் குறையும். கொடியில் பூ விரியும் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கன்று வேண்டுமென்றால் கொட்டையைச் சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும், அதற்குமேல் முளைக்காது.

வீட்டுத் தேவைக்கு மஞ்சள் போடலாமா?

இதுதான் காலம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தப் பெரிய காடுகளிலும் வைகாசி, ஆனியில்தான் நடவு. பாத்தியின் ஓரத்தில், தென்னை நிழல் பாதி விழும் இடமாகப் பார்த்து, முளை கண்ட விரலிக் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில், ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். பொங்கல் பானைக்குக் கட்ட இலையோடு ஒரு கொத்தை முன்கூட்டியே பிடுங்கிக்கொண்டு, மீதியை இலை காய்ந்த பிறகு எடுக்கலாம்.

ஆடிப்பட்டத்துக்கு நாற்று எப்போது விட வேண்டும்?

ஆடி பிறந்த பிறகு நாற்று விடுபவர்கள் ஆவணியில்தான் நடுகிறார்கள், நல்ல பட்டம் கைநழுவிப்போகிறது. பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மிளகாய் நாற்றுக்கு 35 முதல் 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25 முதல் 30. ஆடி முதல் வாரத்தில் நட வேண்டுமென்றால் மிளகாய் விதை வைகாசிக் கடைசி வாரத்துக்குள் தட்டில் விழுந்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் கத்தரி, அதற்கு அடுத்த வாரம் தக்காளி. காற்று நேராக அடிக்காத கிழக்குச் சுவரோரம் தட்டுகளை வையுங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த நாற்றை நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, காலை வெயிலில் வைத்துப் பழக்குங்கள். நடும் அன்று வேரைப் பஞ்சகவ்யாக் கரைசலில் கொஞ்ச நேரம் நனைத்து நடலாம்.

வெண்டை, பூசணி, பாகல், பீர்க்கு, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கு நாற்று தேவையில்லை, ஆடியில் நேரடியாக ஊன்றுங்கள். இப்போது கொடியில் முற்றிக் காய்ந்துகொண்டிருக்கும் சுரையையும் பீர்க்கையும் மழையில் நனையும் முன் எடுத்து விதை உரித்து, சாம்பலில் புரட்டி வையுங்கள். பந்தல் அவரையையும் ஆடியில் ஊன்ற வேண்டும் என்றாலும், பகல் குறுகிக் குளிர் இறங்கும் கார்த்திகைவாக்கில்தான் அது பூக்கத் தொடங்கும். அதுவரை பந்தல் சும்மா கிடக்க வேண்டாம். அதே காலில் பீர்க்கங்கொடியையும் ஏற்றிவிட்டால், அவரை படர்ந்து மூடும் நேரத்தில் பீர்க்கு காய்த்து முடிந்திருக்கும்.